யாரோட சாவி? விற்பனை மெயிலும் ஏஐ ஏஜென்டும், நடுவில் 47 வருஷமும்

சேல்ஸ் மெயில் அனுப்புற பிளாட்ஃபார்மோட ஏஐ ஏஜென்டை இணைக்கிறதைப் பத்திப் பேசச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. பேசலாம். ஆனா நான் 1978-ல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அந்த வருஷம் மே மாதம். இன்டர்நெட்னு இன்னைக்கு நாம சொல்றது அப்போ இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடுன ஆர்பாநெட் இருந்தது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ராணுவ அலுவலகங்கள்தான். யார் யார் அதுல இருக்காங்கன்னு ஒரு டைரக்டரியே அச்சடிச்சு வெச்சிருந்தாங்க. டெலிபோன் டைரக்டரி மாதிரி.

டெக் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில் கேரி தூர்க் என்பவர் மார்க்கெட்டிங் மேனேஜர். கம்பெனி இருந்தது கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். புது மாடல் கம்ப்யூட்டரை மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸ், சான் மேட்டியோன்னு ரெண்டு இடத்தில் காட்டப் போறாங்க. கூட்டம் சேர்க்கணும். ஒவ்வொருத்தருக்கா போன் போடுறதுக்குப் பதிலா, அந்த டைரக்டரியை எடுத்து மேற்குக் கரை ஆட்கள் எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பிடலாம்னு தூர்க் முடிவு பண்ணார். கிட்டத்தட்ட 400 முகவரிகள். அத்தனையும் கையால் டைப் செய்யப்பட்டவை.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த மெயில் புரோகிராமில் அத்தனை முகவரிக்கு இடமே இல்லை. சுமார் 320 பேர் வரைக்கும்தான் பிடிச்சது. மிச்சப் பெயர்கள் வழிஞ்சு கடிதத்துக்குள்ளேயே போய் விழுந்தன. அதனால கிடைச்சவங்களுக்கு முதல்ல தெரிஞ்சது யார் யாரோட முகவரிகள்தான். பத்திரிகை வைக்கப் போன இடத்துல விருந்தாளி லிஸ்ட்டையே தூக்கிக் கொடுத்துட்டு வந்த கதை.

புகார்கள் குவிஞ்சன. அரசாங்க நெட்வொர்க்கை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினது விதிமீறல்னு ஆர்பாநெட் நிர்வாகம் கண்டிச்சுது. ஆனா தூர்க் பின்னாளில் கொடுத்த பேட்டிகளில், அந்த ஒரு மெயிலால் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவா வியாபாரம் நடந்ததுன்னு சொன்னார். அது அவர் சொல்ற கணக்கு, சரிபார்க்க வழியில்லை. எப்படியோ, திட்டும் வந்தது, காசும் வந்தது. இந்தத் துறையோட மொத்தக் கதையும் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் ஓடுது.

தூர்க் விஷயத்துல அனுப்பினது யார்னு எல்லாருக்கும் தெரியும். அவர் மேலதிகாரி யார்னும் தெரியும். இதை மனசுல வெச்சுக்கோங்க.

1994 ஏப்ரல். அரிசோனாவில் கேன்டர், சீகல் என்று ஒரு வக்கீல் தம்பதி. கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தர்றோம்னு யூஸ்நெட்டின் 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினாங்க. இந்தத் தடவை யாரும் உட்கார்ந்து டைப் பண்ணலை. ஒரு சின்ன புரோகிராம் பண்ணிக் கொடுத்துது. மனுஷன் கைவலிக்கும்போது நிறுத்துவான். புரோகிராமுக்குக் கை கிடையாது.

இதுக்கப்புறம் வேகமாப் போயிடலாம். 1999-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் வந்தது. வாடிக்கையாளர் விவரமெல்லாம் டைரியில் இருந்தும் எக்செல்லில் இருந்தும் இணையத்துக்குப் போனது. 2005-ல் நம்ம ஜோஹோ தன்னோட சிஆர்எம்மைக் கொண்டு வந்தது. 2011-ல் ஆரன் ராஸ் எழுதின ஒரு புத்தகம் சேல்ஸ் வேலையை ரெண்டாப் பிரிக்கச் சொல்லுச்சு. ஆள் தேடிக் கதவைத் தட்டுறவங்க ஒரு குழு, பேரத்தை முடிக்கிறவங்க இன்னொரு குழு. கதவு தட்டுற குழுவுக்குன்னே சாஃப்ட்வேர் வந்தது. அட்லாண்டாவில் சேல்ஸ்லாஃப்ட், சியாட்டிலில் அவுட்ரீச். இந்த மாதிரி சாஃப்ட்வேரில் புழங்குற வார்த்தைதான் சீக்வென்ஸ். முதல் நாள் ஒரு மெயில், மூணாம் நாள் நினைவூட்டல், ஆறாம் நாள் போன், பதில் வந்தா நிறுத்து. சென்னையிலயும் பெங்களூரிலயும் ராத்திரி ஷிஃப்ட்ல எஸ்டிஆர் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எல்லாரும் இதையே பண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்? 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கதவை இறுக்கினாங்க. கூகுள் சொன்னது இதுதான்: ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறீங்களா, அனுப்புறது நீங்கதான்னு தொழில்நுட்ப ரீதியா நிரூபிக்கணும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. அதாவது ஆயிரம் பேர்ல மூணு பேர். மூணு பேர் எரிச்சல்பட்டாலே, உங்க டொமைன் பெயர் கெட்டுடும். அப்புறம் நீங்க அனுப்புற இன்வாய்ஸ்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். ஏஜென்டுக்கு அனுப்புற அதிகாரம் கொடுக்கும்போது இதுவும் சேர்ந்துதான் அதோட கைக்குப் போகுது.

இப்போ சாவி விஷயத்துக்கு வர்றேன். என்னைக் கேட்டா இதுதான் உண்மையான வரலாறு.

2006 வாக்கில் ஒரு வெப்சைட் உங்க ஜிமெயில் தொடர்புகளைப் பார்க்கணும்னா, உங்க ஜிமெயில் பாஸ்வேர்டையே கேட்கும். நாமளும் கொடுத்தோம்! வாசலைக் கூட்ட வர்றவங்ககிட்ட பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி. இதைச் சரி பண்ணத்தான் ஓஆத் வந்தது. 2007-ல் முதல் வடிவம், 2012-ல் இப்போ நாம பயன்படுத்துற இரண்டாம் வடிவம். பாஸ்வேர்டு வேண்டாம், இன்ன இன்ன வேலைக்கு மட்டும் செல்லும்னு ஒரு டோக்கன் கொடுத்துடலாம். கேட் சாவி தனி, பீரோ சாவி தனி. அருமையான யோசனை. ஒரே சிக்கல், டோக்கன் யார் கையில் இருக்கோ அவங்கதான் உள்ளே வரலாம். முகம் பார்க்கிறது கிடையாது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்கிற பொது நெறிமுறையை வெளியிட்டுது. அடுத்த மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் அதை ஏத்துக்கிட்டாங்க. அது செய்யுற வேலை எளிமையானது. உங்க பிளாட்ஃபார்ம் பக்கத்தில் ஒரு சர்வர், 'என்னால இதெல்லாம் முடியும்'னு ஒரு பட்டியல் நீட்டும்: ஆளைத் தேடு, சீக்வென்ஸில் சேர், மெயில் அனுப்பு. ஏஐ மாடல் அதைப் படிச்சுட்டு எதை எப்போ கூப்பிடணும்னு தானே முடிவு பண்ணும். பழைய ஆட்டோமேஷனில் பாதையை மனுஷன் போட்டான், மெஷின் நடந்தது. இப்போ கதவுகளை மட்டும் நாம காட்டுறோம். பாதையை அது போட்டுக்குது. இணைக்கிறது பத்து நிமிஷ வேலைதான், பொய்யில்லை.

2025 ஆகஸ்டில் நடந்ததைக் கேளுங்க. சேல்ஸ்லாஃப்ட் அதுக்கு முந்தின வருஷம் ட்ரிஃப்ட் என்கிற சாட் ஏஜென்ட் கம்பெனியை வாங்கியிருந்தது. உங்க வெப்சைட்டுக்கு வர்றவங்ககிட்ட ட்ரிஃப்ட் பேசும், விவரத்தை வாங்கி உங்க சேல்ஸ்ஃபோர்ஸில் போடும். அதுக்கு டோக்கன் வேணும் இல்லையா? வாடிக்கையாளர் கம்பெனிகளோட டோக்கன்கள் ட்ரிஃப்ட் கிட்ட இருந்தன. தாக்கினவங்க மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் சேல்ஸ்லாஃப்ட்டின் கிட்ஹப் கணக்குக்குள்ள போய், அங்கிருந்து நகர்ந்து கடைசியில் அந்த டோக்கன்களை எடுத்தாங்க. ஆகஸ்ட் 8-ல் இருந்து 18 வரைக்கும் ஒவ்வொரு கம்பெனியோட சேல்ஸ்ஃபோர்ஸிலயும் புகுந்து டேட்டாவை அள்ளினாங்க. 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு கூகுளின் பாதுகாப்புக் குழு கணக்குச் சொல்லுச்சு. அதுல கிளவுட்ஃப்ளேர், பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ், ஸீஸ்கேலர் எல்லாம் உண்டு. பாதுகாப்பே தொழிலா வெச்சிருக்கிறவங்க!

அந்தக் கம்பெனிகள்ல யாரோட பாஸ்வேர்டையும் அவங்க உடைக்கலை, யாருக்கும் ஓடிபி போகலை. டோக்கன் நிஜமானது, அதனால கதவு திறந்தது. உள்ளே போனவங்க தேடினது வாடிக்கையாளர் பெயர்களை மட்டுமில்லை. சப்போர்ட் டிக்கெட்டில் ஜனங்க அசட்டையா ஒட்டிவிட்டிருந்த மற்ற சிஸ்டங்களின் சாவிகளையும் பாஸ்வேர்டுகளையும். ஒரு சாவியால இன்னும் நூறு சாவி. ஆகஸ்ட் 20-ம் தேதி எல்லா ட்ரிஃப்ட் டோக்கன்களையும் ரத்து பண்ணாங்க.

நியாயமாச் சொல்லணும்னா, இதுல ஏஐ எந்தத் தப்பும் பண்ணலை. அதோட சாவிக்கொத்தைத்தான் திருடினாங்க. ஏஜென்டையே ஏமாத்த முடியுமாங்கிறதுக்கு அடுத்த மாசமே பதில் வந்தது. நோமா செக்யூரிட்டி ஆய்வாளர்கள் சேல்ஸ்ஃபோர்ஸின் ஏஜென்ட்ஃபோர்ஸை சோதிச்சுப் பார்த்தாங்க. வெப்சைட்டில் 'எங்களைத் தொடர்புகொள்ள' ஃபார்ம் இருக்கும் இல்லையா, அதோட விவரப் பெட்டியில் வாடிக்கையாளர் மாதிரி ஒரு கட்டளையை எழுதி வெச்சாங்க. பிறகு ஊழியர் ஒருத்தர் அந்த விண்ணப்பத்தைப் பத்தி ஏஜென்டைக் கேட்டா, ஏஜென்ட் கட்டளையையும் சேர்த்துப் படிச்சு, சிஆர்எம் விவரத்தை வெளியே அனுப்பும். எங்கே? சேல்ஸ்ஃபோர்ஸ் நம்பகமானதுன்னு குறிச்சு வெச்சிருந்து, காலாவதி ஆகிப்போன ஒரு டொமைனுக்கு. ஆய்வாளர்கள் அதை வாங்கின விலை 5 டாலர். நிஜத் திருட்டு நடக்கலை, சேல்ஸ்ஃபோர்ஸ் ஓட்டையை அடைச்சுட்டாங்க.

ஆனா அவுட்ரீச் வேலையே முன்பின் தெரியாதவங்க எழுதுற பதிலைப் படிக்கிறதுதானே? அதனால நான் இணைக்கிறதா இருந்தா, பதில்களைப் படிக்கிற ஏஜென்டுக்கு அனுப்புற அதிகாரம் கொடுக்க மாட்டேன். அது டிராஃப்ட் எழுதட்டும், அனுப்புற பட்டனை ஒரு ஆள் அமுக்கட்டும். டோக்கனை யாரோட சொந்தக் கணக்கிலும் எடுக்காம, அதுக்குன்னு தனிக் கணக்கில் எடுப்பேன். அதை ரத்து பண்ற பக்கம் எங்கே இருக்குன்னு இணைக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வெச்சுப்பேன். இதெல்லாம் சேர்ந்தா பத்து நிமிஷம் அரை நாள் ஆகும். அந்த அரை நாளை உங்க மேனேஜர்கிட்ட கேட்டு வாங்குங்க.