ஜன்னல் இல்லாத அறைகள்

'செவரன்ஸ்' தொடரில் லூமன் கம்பெனியின் தலைமையகமாக வரும் அந்த நீண்ட கண்ணாடிக் கட்டடம் செட் இல்லை. நியூஜெர்சியின் ஹோம்டெல் ஊரில் நிஜமாகவே நிற்கிறது. அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் அறுத்துப் பிரிக்கிற ஒரு கதைக்கு இதைத் தேர்ந்தெடுத்தவரின் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெல் ஆய்வகத்துக்காக இதை வடிவமைத்தவர் ஈரோ சாரினென். 1962இல் திறந்தபோது அவர் இல்லை. முந்தைய வருடமே, 51 வயதில், மூளைக்கட்டியால் இறந்துவிட்டார். வெளிச்சுவர் முழுக்க வானத்தைக் காட்டும் கண்ணாடி. ஆனால் உள்ளே, ஆய்வகங்களுக்கு ஜன்னலே கிடையாது! கண்ணாடியை ஒட்டி நடைபாதைகளை ஓடவிட்டு, அறைகளை நடுவில் அடைத்துவிட்டார். வேலை செய்யும்போது சுவரைப் பார், அறையை விட்டு வந்தால் வானத்தைப் பார். ஆளோடு ஆள் நடையில் முட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். எட்டு மணி நேரம் அந்த அறைக்குள் இருக்கப்போவது சாரினென் இல்லையே.

முகப்பில் மூன்று கால்களோடு நிற்கும் தண்ணீர்த் தொட்டி டிரான்சிஸ்டர் வடிவம். டிரான்சிஸ்டர் பிறந்தது என்னவோ 1947இல், மர்ரே ஹில் வளாகத்தில்.

ஹோம்டெலுக்குச் சொந்தப் பெருமை உண்டு. கட்டடம் வருவதற்கு முப்பது வருடம் முன்பு, இதே நிலத்தில், கடல்தாண்டிய தொலைபேசியில் கேட்ட இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார் கார்ல் ஜான்ஸ்கி. அதில் ஒரு பங்கு பால்வீதியிலிருந்து வந்தது. ரேடியோ வானியல் தொடங்கியது அங்கேதான். 1985இல் ஸ்டீவன் சூவும் அவரது குழுவும் லேசரால் அணுக்களைக் குளிரவைத்ததும் ஹோம்டெலில்தான். 1997இல் அவருக்கு நோபல்.

பிறகு கம்பெனி சுருங்கியது. 2006இல் வாங்க வந்தவர்கள் பெரும்பகுதியை இடிக்கத் திட்டமிட்டார்கள். இருபது லட்சம் சதுர அடியை வேறென்ன செய்வது என்பதும் நியாயமான கேள்விதான். முன்னாள் விஞ்ஞானிகளும் கட்டடக் கலைஞர்களும் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. பல வருடம் காலியாகக் கிடந்த இடத்தை 2013இல் வேறொரு நிறுவனம் வாங்கி, 'பெல் ஒர்க்ஸ்' என்று பெயர் மாற்றியது. இன்று உள்ளே அலுவலகங்கள், கடைகள், ஊர்ப் பொது நூலகம். பெல் காலத்தில் வேலை இல்லாத ஆள் உள்ளே நுழைய முடியாது. இப்போது புத்தகம் திருப்பிக்கொடுக்க யாரும் போகலாம்.