கொட்டியாரத்துக் காய்ச்சல்: நோயும் சமூக நிலையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நோய் என்பது உடலுக்குள் நுழையும் கிருமியின் விளைவு என்பது மருத்துவ உண்மை. ஆயின் ஒரே கிருமி ஒருவனைச் சில நாட்களில் விட்டகல, இன்னொருவனைச் சவக்குழிவரை கொண்டுசெல்வதேன் என்னும் வினாவுக்கு விடைகாண அவனது வீடு, உணவு, தொழில், மனநிலை ஆகியவற்றையும் நோக்குதல் வேண்டும். இதனை விளக்குதற்கு மூதூரையும் அதனைச் சூழ்ந்த கொட்டியாரப்பற்றையும் விடப் பொருத்தமான பிரதேசம் ஈழத்தில் அரிது எனலாம்.

1660 ஆம் ஆண்டில், புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்த்தலின் பொருட்டுக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் உட்படப் பதினாறு பேர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் புளியமரத்தை மூதூர் மக்கள் ‘வெள்ளைக்காரன் மரம்’ என வழங்கினர். நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலை அரசியல், சமூக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் பலர். அதனை ஒரு நோயாளியின் வாக்குமூலமாகவும் படிக்கலாம் என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

தந்தையும் மகனும் இன்றைய குருநாகல் மாவட்டத்தைச் சார்ந்த பண்டார கொஸ்வத்தையில் வைக்கப்பட்டனர். அரசாணைப்படி ஊரவரே அவர்களுக்கு உணவளித்தனர். அவ்வாண்டு அங்கு நடுக்கற்காய்ச்சல் பரவியிருந்தது. உள்ளூர் மக்களும் மாண்டனர். இருவரையும் ஒரே காய்ச்சல் பற்றியது. இருபது வயதை எட்டிய மகன் பல மாதங்கள் வருந்தி மீண்டான். தந்தை 1661 பெப்ரவரியில் இறந்தார். வயது வேறுபாடு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் மகனது விவரிப்பிலே காய்ச்சலுக்கு நிகராகப் பேசப்படுவது தந்தையின் மனத்துயரமே. தகவல் கூறும்படி கப்பலுக்கு அனுப்பப்பட்ட மகன், தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும் தந்தைக்களித்த வாக்கின்படி மீண்டும் சிறைக்கே வந்தவன். தன் பொருட்டு அவனது இளமை வீணாகின்றதே என்னும் வேதனை கிழவரை அரித்தது. அவர் இறந்தபின் உடலை அடக்கஞ் செய்ய ஊரவர் முன்வரவில்லை. மாடு கட்டும் கயிறொன்றை அனுப்பிக் காட்டுக்கு இழுத்துச் செல்லுமாறு கூறினர் என நொக்ஸ் எழுதுகின்றான். இதனை ஊராரின் கொடுமை எனக் கொள்வது எளிது. பிணந்தொடுதல் பற்றிய சாதிக் கட்டுப்பாடும், தாமே சாவோடு போராடிய நிலையும் அங்கிருந்தன என்பதை மறத்தலாகாது.

அக்காய்ச்சல் மலேரியாவே என்பது பொதுவான கருத்து. ஈழத்தில் அந்நோயைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு, சாக்கடையிலன்றி, வெயில்படும் தெளிந்த நீர்க்குட்டைகளிலேயே பெருகுவது. மகாவலி கங்கை கிளைபிரிந்து கடலோடு கலக்கும் கொட்டியாரத்தில், கோடையிலே நீர் வற்றிய ஆற்றுப்படுகைகளும் தூர்ந்த குளங்களும் அதற்கேற்ற இடங்களாயின. பேணப்படும் குளம் சோறிடும்; கைவிடப்பட்ட குளம் காய்ச்சலைத் தரும். குளங்கள் அழிந்தமையால் மலேரியா வந்ததா, மலேரியா வந்தமையால் குளங்கள் கைவிடப்பட்டனவா என்பது நெடுங்கால விவாதம். லூசியஸ் நிக்கல்ஸ் 1921 இல் பண்டைய நகரங்களின் அழிவுக்கு மலேரியாவைக் காரணங் காட்டினார். கா. இந்திரபாலா பதிப்பித்து 1971 இல் வெளிவந்த இராசரட்டை வீழ்ச்சி பற்றிய தொகுதி, படையெடுப்பு, ஆட்சிச் சிதைவு, நோய் எனப் பல காரணங்களை ஒருங்கே ஆராய வழிசெய்தது. நீர்ப்பாசனத்தைக் கட்டிக்காத்த சமூக அமைப்பு தளர்ந்த பின்னரே நுளம்பு ஆதிக்கம் பெற்றது என்னும் கருத்தே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது.

1934-35 ஆம் ஆண்டுகளின் பெருங் கொள்ளைநோய் இவ்வுண்மையை வேறொரு விதத்தில் உணர்த்தியது. பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. ஏழு மாத காலத்துள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். குருநாகல், கேகாலை மாவட்டங்கள் பெரிதும் தாக்கமுற்றன. நொக்சின் தந்தை இறந்த கிராமமும் குருநாகற் பகுதியதே. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தாலே தேங்காய் விலை வீழ்ந்து, கூலியும் குறைந்து, விளைவும் அற்றுப் பட்டினியால் மெலிந்திருந்த உடல்களையே காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் கொயினாவோடு பருப்பும் மார்மைற்றும் வழங்கினர். நோய்க்கு மருந்தும் பசிக்கு உணவும் ஒருங்கே தேவை என்பதை அவ்விளைஞர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

மூதூர் போன்ற வறண்ட வலயப் பகுதிகள் அக்கொள்ளைநோயில் அத்துணை பேசப்படவில்லை. அங்கு நோய் ஓயாது நிலைகொண்டிருந்தமையால் வளர்ந்தோர் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். அதற்குரிய விலையைச் செலுத்தியவர்கள் மண்ணீரல் வீங்கிய குழந்தைகளும் கருவுற்ற தாய்மாருமே. ஆண்டுதோறும் நிகழும் சாவு செய்தியாவதில்லை. பெரிய மருத்துவமனை குடாவின் மறுகரையிலே திருகோணமலையில் இருந்தது. அதனை அடையக் கடலை வள்ளத்தாலோ லோஞ்சாலோ கடக்க வேண்டும். அன்றேல் தரைவழியே பல துறைகளில் பாதைக்காகக் காத்துநிற்க வேண்டும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 இலேயே. ஆழங் கூடிய இயற்கைத் துறைமுகம் என உலகப் பேரரசுகள் போட்டியிட்ட குடாவின் தென்கரையிலே, காய்ச்சற்காரனுக்கு ஒரு பாலம் இல்லாதிருந்தமை குடியேற்ற ஆட்சியின் இயல்பை மட்டுமன்றி, அதன் பின்வந்த ஆட்சிகளின் இயல்பையும் காட்டுகின்றது.

இரண்டாம் உலகப் போரின்பின் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டது. 1946 இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆகவிருந்த நாட்டின் இறப்புவீதம் 1947 இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இதனை முற்றும் டீ.டீ.ரீ.யின் சாதனையாகக் காட்டுதல் பல காலம் வழக்கிலிருந்தது. பீற்றர் நியூமன் போருக்குப் பிந்திய வீழ்ச்சியிற் பாதிக்கு அண்மிய பங்கை மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு அளித்தார். 1974 இல் எழுதிய கிறே அதனைக் காற்பங்கு அளவாகக் குறைத்தார். எஞ்சியதன் காரணங்களை இலவச மருத்துவமனைகள், போர்க்காலத்தில் தொடங்கிய பங்கீட்டரிசி, தாய்மார்க்கான சேவைகள், கல்வி என்பவற்றில் தேட வேண்டும். 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969 இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பு மாறாதிருக்க, மனிதரின் விழிப்பே குன்றியது.

போர்க்காலம் இவ்வாராய்ச்சிக்குச் சிக்கலான பகுதியாகும். போர் நடைபெறும் நாட்டில் மலேரியா பெருக வேண்டும். 1990களில் அவ்வாறே பெருகியது. ஆயின் 2000 ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்த நோயாளர் தொகை, போர் முடிவுற்ற 2009 இல் 558 ஆகியது. எனவே சமூக நிலையே யாவற்றையும் தீர்மானிக்கின்றது எனக் கூறுதல் மிகையாகும். உறுதியான பொதுச் சுகாதாரப் பணி, குண்டுகளுக்கிடையிலும் பயன் தந்தது.

உடலைக் காத்த அப்பணிக்கு நிகரான பணி மனத்துக்கு வாய்க்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் மூதூர்க் கரையைக் கடற்கோள் தாக்கியது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சினாற் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூர் நகரில் மூண்ட போரால் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகக் கந்தளாய்க்கு நடந்தனர். அந்நாட்களிலேயே உதவி நிறுவனமொன்றின் ஊழியர் 17 பேர் மூதூரிற் கொல்லப்பட்டனர். வயலும் கடலும் கொண்டு வாழ்ந்த குடும்பங்கள், பகிர்ந்தளித்த உணவுக்காக வரிசையில் நின்றன. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வட மாகாண அனுபவத்தைக் கொண்டு, போரின் காயம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் தாக்கும் கூட்டுக் காயம் என விளக்கியுள்ளார். இவ்விளக்கம் கொட்டியாரப்பற்றுக்கும் பொருந்தும். உறங்காமை, நெஞ்சடைப்பு, தலைவலி எனக் கிழக்கில் மருந்தகத்துக்கு வருவோர் கூறும் முறைப்பாடுகளிற் பல உடலின் மொழியிற் கூறப்படும் இழப்புக்களே. அவற்றுக்குக் கொயினாவைப் போல் அளந்து கொடுக்கும் குளிசை இல்லை. நிலம், தொழில், அயல் உறவு ஆகியவை மீள்வதே சிகிச்சையின் பெரும்பகுதி.

சம்பூர் மக்களுக்கு நிலம் மீளக் கிடைக்கத் தொடங்கியது 2015 இலும் 2016 இலுமே. பத்தாண்டுகளை அவர்களிற் பலர் கிளிவெட்டி முதலிய இடங்களிலே தகரக் கூரையின் கீழ்க் கழித்தனர். இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்ததும் அதே 2016 ஆம் ஆண்டின் செப்தெம்பரிலேயே.