அக்ரோதிரி - தெகேலியா

சைப்ரஸ் தீவின் தென்கரையில் பிரிட்டன் தன் இறையாண்மையின் கீழ் வைத்திருக்கும் இரு ராணுவத் தளப் பகுதிகள். 1960 ஆகஸ்ட் 16 அன்று சைப்ரஸ் விடுதலை பெற்றபோது, நிறுவல் உடன்படிக்கைப்படி இவை பிரிட்டனிடமே தங்கின. மொத்தப் பரப்பு சுமார் 254 சதுர கி.மீ.; தீவில் ஏறக்குறைய 3 விழுக்காடு. இவை குத்தகை நிலங்கள் அல்ல, பிரிட்டனின் ஆட்சிப்புலங்கள்.

மேற்கே லிமசோல் அருகே அக்ரோதிரி. இங்கு விமானப்படைத் தளமும், பூநாரைகள் வந்திறங்கும் உப்பேரியும் உள்ளன. கிழக்கே லார்னகாவுக்கு அப்பால் தெகேலியா. இதன் அயோஸ் நிக்கோலாஸ் நிலையம் ஒற்றறிந்து தகவல் திரட்டுவதற்குப் பெயர்பெற்றது.

எல்லைக்கோடு விசித்திரமானது. ஓர்மிதியா, சைலோதிம்பு ஆகிய ஊர்கள் தெகேலியாவுக்குள் சூழப்பட்டிருந்தும் சைப்ரஸுக்குச் சொந்தம். அங்குள்ள ஒரு மின்நிலையமும் அப்படியே: குறுக்கே ஓடும் பிரிட்டிஷ் சாலை அதன் நிலத்தை இரண்டாக வெட்டுகிறது.

நிர்வாகி ஒரு படைத்தளபதி. அவர் பதில் சொல்வது லண்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு. காவல்துறையும் நீதிமன்றமும் தனி. நிலத்தின் பெரும்பகுதி தனியார் உடைமை. சைப்ரஸ் குடியானவர்கள் வழக்கம்போல் உழுது பயிரிடுகிறார்கள். 2008 முதல் புழக்கத்தில் இருப்பது யூரோ, பவுண்டு அல்ல.