பங்குனி ஆமையும் ஒரு மணற் பள்ளியும்

இராயபுரம் கடலோரத்தில் நின்று பாருங்கள். காலடியில் பெரும்பாலும் கருங்கற்கள்தாம். காசிமேட்டைத் தாண்டித் திருவொற்றியூர்ப் பக்கம் போனாலும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களையே காண்பீர்கள். அங்கிருந்து நகரின் தென்பகுதியிலுள்ள பெசன்ட் நகருக்குச் செல்லுங்கள். அங்கே அகன்ற மணற்பரப்பு. தை முதல் பங்குனி வரை, நள்ளிரவில் அந்த மணலில் மாணவர்கள் வரிசையாக நடந்து செல்வார்கள். அவர்கள் தேடுவது கடலாமையின் முட்டைகளை!

இந்த இரவுப் பள்ளி எப்படித் தோன்றியது? இராயபுரத்து மாணவர் அதில் சேர ஏன் நகரின் மறுபக்கம் போக வேண்டும்? இரண்டுக்கும் விடை வரலாற்றில் இருக்கிறது.

மணல் எங்கே போயிற்று?

சென்னைக் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட சுவர்கள் எழுந்தன. மணலின் பயணம் தடைப்பட்டது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. 1885இல் அங்கே உலாவும் பாதையும் அமைந்தது. வடக்கே வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. இருந்த மணலை அலைகள் வாரிச் சென்றன. மீனவர் குடிசைகள் போயின. ஆமை முட்டையிடும் மணலும் போயிற்று.

பங்குனி மாதத்தை ஒட்டிக் கரைக்கு வருவதால் மீனவர் இதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். ஓடு மட்டும் சுமார் 60 முதல் 70 செண்டிமீட்டர் நீளம். இரவில் பெண் ஆமை கரையேறி, பின்துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பும். கருங்கல்லில் குழி தோண்ட முடியுமா?

பள்ளி பிறந்த கதை

1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும் அவரைச் சூழ்ந்த இளைஞர்களும் இரவில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். நாயும் மனிதரும் எடுப்பதற்குள் முட்டைகளைக் கண்டெடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காத்தார்கள். உலகின் மறுகோடியில், கோஸ்டா ரிகா நாட்டின் டார்ட்டுகேரோ கடற்கரையில், ஆர்ச்சி கார் என்ற அறிஞர் 1950களிலேயே இத்தகைய ஆய்வைத் தொடங்கியிருந்தார்.

சென்னையில் நடந்தவர்களுள் ஒருவர் பொறியியல் மாணவரான சதீஷ் பாஸ்கர். பின்னர் அவர் இந்தியக் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். ஆமைகளை ஆராய 1982இன் மழைக்காலத்தில் ஆளில்லாத இலட்சத்தீவொன்றில் மாதக்கணக்கில் தனித்திருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட, அது இலங்கையில் கரையொதுங்கி உரியவரிடம் சேர்ந்தது!

மற்றொருவர் ஜெ. விஜயா. பாம்புப் பண்ணைக்கு மாணவியாகத் தொண்டாற்ற வந்தவர், ஆமை ஆய்வாளரானார். நெடுங்காலம் யார் கண்ணிலும் படாதிருந்த பிரம்பு ஆமையை 1982இல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டறிந்தார். 1987இல் இளம் வயதிலேயே மறைந்தார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

1977இல் கடலாமைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 1980களில் வனத்துறை குஞ்சு பொரிப்பகம் நடத்தியது. அப்பணி நின்ற நிலையில், 1988இல் மாணவர்களே ஒன்றுகூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய நடை தலைமுறை மாறியும் தொடர்கிறது.

என்ன பாடம்?

முதலில் தடம் பார்க்கக் கற்கிறார்கள். பிறகு குழியின் ஆழத்தை அளந்து, முட்டைகளை எண்ணிக் குறிக்கிறார்கள். முட்டைகளை உருட்டாமல், விரைவில் மாற்ற வேண்டும். நேரம் கடந்தபின் அசைத்தால் கரு சிதையும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். கோடை நெருங்கி மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும்; குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். வெளிவந்த குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஓடும். முன்னாளில் அது கடல்வானின் ஒளி, இன்றோ தெருவிளக்கு! வழிதவறிய குஞ்சைக் கையில் ஏந்தும் சிறுவனுக்கு விளக்கின் தீங்கை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழியில் இறந்த ஆமைகளும் கிடக்கும். அவற்றையும் எண்ணுகிறார்கள். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத் திணறி இறக்கும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆமைகள் கரை நாடும் மாதங்கள் அதற்கு முன்பே பெரும்பாலும் கடந்துவிடுகின்றன.

இங்கேதான் இராயபுரம் மீண்டும் வருகிறது. இழுவலைப் படகுகள் பல புறப்படுவது காசிமேட்டிலிருந்து. ஆமை தப்பிச் செல்ல வலையில் பொருத்தும் விலக்குக் கருவி உண்டு. ஆனால் அதன் வழியே மீனும் இறாலும் போய்விடும் என்று மீனவர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் புறக்கணித்து ஆமையைக் காக்க முடியாது. வலையின் கண்ணும், படகின் கடனும், எந்த ஆழத்தில் எது சிக்கும் என்பதும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பெசன்ட் நகர் மணலில் கற்கும் பாடத்தின் மறுபாதி காசிமேட்டுத் துறையில் இருக்கிறது.

வரும் தை மாதம் ஓர் இரவு நீங்களும் நடந்து பாருங்கள். மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போய், வலை பின்னும் பெரியவர் ஒருவரிடம் பங்குனி ஆமையைப் பற்றிக் கேளுங்கள். இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.