கதிர் பட்ட படலம்

ஹேவாஹெட்டவின் மலைச்சரிவுகளில் நாற்றுக்களுக்குப் பந்தலாக இடப்படும் தெளிந்த பொலித்தீன் விரிப்பு, சில பருவங்கள் கழிந்தபின் மங்கி, தொட்டால் கிழியும் நிலையை அடைகிறது. வெயில் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம், அச்சொல்லிற் பிழையுமில்லை. ஞாயிற்றொளியிலுள்ள கழியூதாக் கதிர், நீண்ட சங்கிலிகளாய் அமைந்த மூலக்கூறுகளை அறுக்கிறது. அறுந்த இடங்களிற் காற்றின் ஒட்சிசன் வந்து பற்றுகிறது. பிளாத்திக்குகள் பலவற்றில் இவ்வாறு தோன்றும் புதிய பிணைப்புக்கள் நீலவொளியை உறிஞ்ச, எஞ்சிய ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது.

கட்புலனாகாத கதிரும் மெல்லிய படலத்தில் தன் சுவட்டை விட்டுச் செல்லும் என்பதை உலகம் அறிந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. 1896ஆம் ஆண்டிலே பாரிசில் பெக்கரல் என்பார், கறுப்புத் தாளிற் பொதிந்த ஒளிப்படத் தட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்தார், தட்டுக் கறுத்தது. தோரியமும் அவ்வாறே கதிர் வீசுவதை 1898இல் மேரி கியூரி அம்மையாரும் ஜெர்மனியரான ஷ்மித்தும் தனித்தனியே கண்டனர்.

இந்நிலையிலேதான் ஆனந்த குமாரசுவாமி வருகிறார். பொஸ்ரன் நகரின் கலைப்பேரறிஞராக அவரை அறிந்தோர் பலர்; கல்லும் மண்ணும் ஆராய்ந்த குமாரசுவாமியை அறிந்தோர் சிலரே. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877இல் கொழும்பிற் பிறந்து, இலண்டனிற் புவிச்சரிதவியல் பயின்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராயிருந்தார். சப்பிரகமுவையின் மாணிக்கப் பரல்களிடையே கிடைத்த பாரமான கரிய பளிங்குகள் 1904இல் அவர் கவனத்திற்கு வந்தன. முதலில் அவை யுரேனியக் கனிமம் என்றே கருதப்பட்டன. இலண்டனில் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது, பெரும்பங்கு தோரியமென்று தெரிந்தது. தோரியனைற்று என்னும் பெயரும் அதற்கு வந்தது. அடுத்த ஆண்டிலே, இராம்சே அவர்களின் ஆய்வுகூடத்தில் ஒற்றோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் இந்த இலங்கைக் கனிமத்திலிருந்தே கதிர்த்தோரியத்தைப் பிரித்தெடுத்தார். 1938இல் யுரேனிய அணு பிளவுறுவதைக் கண்டவரும் அவரே.

கல் நம்முடையது, கண்டுபிடிப்போ கடல் கடந்து நிகழ்ந்தது. இதற்காகக் குமாரசுவாமியைக் குறைகூறுதல் தகாது. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதே 1921இல். அதுவரை இக்கனிமம் பெரும்பாலும் வாயுவிளக்கின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியத்திற்காகவே கப்பலேறியது.

ஒளிப்படத் தட்டிற் கறுத்தது வெள்ளி உப்பு; அதனைத் தாங்கிய செலற்றின் அன்று. படலமே சாட்சியாகும் காலம் பின்னர் வந்தது. 1958இல் இங்கிலாந்தில் யங் என்பார், பளிங்கொன்றிற் கதிர்த்துணிக்கைகள் விட்ட வடுக்களை அமிலத்தால் அரித்துக் காட்டினார். அமெரிக்காவிலே பிளைச்சர், பிரைஸ், வாக்கர் மூவரும் 1960களில் அம்முறையைப் பிளாத்திக்கிற்கும் விரித்தனர். அல்பாத் துணிக்கை பாயும் வழியிற் சங்கிலிகள் அறுகின்றன. எரிசோடாக் கரைசல் அவ்வழியை விரைந்து அரிக்கிறது. செந்நிறமூட்டிய செலுலோசு நைத்திரேற்றுப் படலமாயின், துளைகள் நுணுக்குக்காட்டியிற் செவ்வானத்து வெண்மீன்களென ஒளிரும். அவற்றை எண்ணினாற் போதும்.

எண்ணுவது எதற்கு? மண்ணிலும் கல்லிலும் உள்ள யுரேனியத்திலிருந்து பிறக்கும் ரேடன் வாயு வீட்டினுள் தேங்குமாயின் நுரையீரற் புற்றுநோய்க்கு ஏதுவாகும். மணமும் நிறமும் அதற்கில்லை. மின்சாரமும் வேண்டாது மாதக்கணக்கிற் சுவரோரம் தொங்கும் அச்சிறு படலமே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

தோரியம் தரும் தோரனை அளப்பது இன்னும் நுட்பமானது. ரேடன் பாதியாய்க் குறைய 3.8 நாள் செல்லும்; தோரனுக்கோ 56 விநாடியே. சுவரிலிருந்து சற்றே விலகினாலும் அது அருகிவிடும். ஆதலின், பேருவளைக் கரையிற்போலத் தோரியம் செறிந்த மணலுள்ள இடங்களில் ஒரு படலம் போதாது. காற்று விரைந்து புகும் குவளையில் ஒன்றும், மெல்லப் புகும் குவளையில் மற்றொன்றுமாக இரண்டு வைக்கப்படும். இரண்டிலும் விழுந்த துளைகளின் வேறுபாட்டைக்கொண்டே தோரனின் அளவு கணிக்கப்படுகிறது.