துளைக்காமல் பல்லைக் காப்பாற்றிய கதை

பல்லுக்கொதி எண்டால் எங்கட வீடுகளில் இரண்டு வழிதான் சொல்லுவினம்: கராம்பை வைச்சுச் சமாளி, இல்லையெண்டால் போய்ப் பல்லைக் கழட்டு. துளைத்து அடைப்பது மூன்றாவது வழி. துளைக்காமலே சூத்தையை நிறுத்தலாம் என்ற நாலாவது வழியைப் பற்றி நாங்கள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அதற்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1901 இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்கு பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மண்ணிறக் கறை. காரணம் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. 1909 இல் ஜி. வி. பிளாக் அவரோடு சேர்ந்தார். சூத்தையோடு பக்கத்தில் உள்ள நல்ல பகுதியையும் வெட்டி அடைக்கவேண்டும் என்று படிப்பித்தவர் இவர்தான். வெட்டச் சொன்ன அதே மனிதர்தான், வெட்டத் தேவையில்லாத ஒரு வழிக்கான முதல் தடயத்தையும் தேடினார். கறை படிந்த பற்களில் சூத்தை குறைவு என்று இருவரும் கண்டார்கள்.

கறைக்குக் காரணம் தண்ணீரில் இருந்த மிகையான புளோரைட்டு என்பது 1931 இல் தெரியவந்தது. அளவோடு இருந்தால் கறையில்லாமல் பாதுகாப்பு மட்டும் கிடைக்குமா? அதைப் பார்க்க 1945 இல் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் புளோரைட்டைக் கலந்தார்கள். பிள்ளைகளின் சூத்தை பெருமளவு குறைந்தது. அளவு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பலரின் பற்களே சாட்சி.

சூத்தை ஒரே நாளில் விழும் ஓட்டை இல்லை. இனிப்பைத் தின்னும் கிருமிகள் அமிலத்தை விட, பல்லின் கனியுப்புகள் கரைகின்றன. உமிழ்நீர் அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. புளோரைட்டு அந்தத் திருப்பிக் கொடுத்தலுக்குக் கைகொடுக்கிறது. ஓட்டை விழமுந்திய கட்டத்தில் பல் தன்னைத்தானே திருத்தக்கூடியது.

ஓட்டை விழுந்த பிறகு? 1970 அளவில் யப்பானில் வெள்ளி டயமீன் புளோரைட்டு பாவனைக்கு வந்தது. சின்னத் தூரிகையால் ஒரு துளி பூசினால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்லும், புளோரைட்டு பல்லை இறுக்கும். ஊசியுமில்லை, துளையுமில்லை. ஆனால் சூத்தை இருந்த இடம் கறுத்துப்போகும். நரம்புவரை போன சூத்தைக்கு இது சரிவராது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2014 இல், அதுவும் பல் கூச்சத்துக்காக. 2021 இல்தான் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

விலை குறைந்த, நோகாத ஒரு வைத்தியம் அந்தப் பட்டியலுக்கு வர ஐம்பது வருடம். கறுப்பு வடிவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரவிரவாகப் பல்லுக்கொதியில் அழுகிற பிள்ளைக்கும், ஒரு நாள் கூலியை விட்டுப்போட்டு கிளினிக் வரிசையில் நிற்கிற தாய்க்கும் வடிவா முதல் கேள்வி? கறுத்த பல்லா, கழட்டின பல்லா என்பதை அவர்களே தெரிவு செய்யட்டும். அதற்கு, இப்படியொரு வழி இருக்குதெண்டு முதலில் அவர்களுக்குத் தெரியவேண்டும்.