அணுகுண்டைத் தாங்கிய டாங்கியும் அதற்கு கிரீஸ் அடிக்கிறவர்களும்

நீளமான த்ரெட் மக்களே. கையில ஒரு டீயோட உட்காருங்க. காபி குடிக்கிறவங்களும் இன்னைக்கு ஒரு நாள் டீக்கு மாறலாம், காரணம் கீழே வருது.

இங்கிலாந்தில் ஒரு கூட்டம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், பழைய டவுசரைப் போட்டுக்கிட்டு கொட்டகைக்குப் போய் 1950, 60களின் ராணுவ வண்டிகளுக்கு அடியில படுத்துக்குவாங்க. ஃபெரெட், சாரசென், ஸ்டால்வார்ட், எஃப்வி432... சிலர்கிட்ட முழு செஞ்சுரியன் டாங்கியே இருக்கு. சட்டப்படி தப்பில்லை. துப்பாக்கியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்திருக்கணும். சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டியைச் சாலையில் ஓட்ட ‘எச்’ பிரிவு உரிமம் வாங்கணும். அவ்வளவுதான்.

ஹிட்லர் காலத்து டைகர் டாங்கிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். ஆனா போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளின் ரசிகர்கள் வேற ரகம். அவங்க விரும்புறது பெரும்பாலும் பனிப்போர் முழுக்க ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெர்மனியில் காத்துக்கிடந்த வண்டிகளை. அதை ஓட்டியவர் இன்னமும் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருப்பார். “இந்த கியர் ஏன் சார் மாட்டுது?”ன்னு நேரில் போய்க் கேட்கலாம். 1944 வண்டிக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய முடிஞ்சு போச்சு.

செஞ்சுரியனில் இருந்து ஆரம்பிக்கலாம். 1943இல் வடிவமைக்கத் தொடங்கினாங்க. 1945 மே மாதம் ஆறு மாதிரி வண்டிகள் ஜெர்மனி போய்ச் சேர்ந்தப்போ போர் முடிஞ்சிருந்தது. கல்யாணத்துக்குப் புறப்பட்டு பந்தி முடிஞ்ச பிறகு போய் நின்ன கதை. ஆனா அதுக்கப்புறம் கொரியா, சூயஸ், சினாய், வியட்நாம், பஞ்சாப் என்று அது போகாத போர்க்களம் இல்லை. மொத்தம் 4,400க்கு மேல் தயாரிச்சாங்க. எடை சுமார் 50 டன். இன்ஜின் ரோல்ஸ்ராய்ஸ் மீட்டியார், அதாவது ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினுக்குத் தம்பி. ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஒரு மைல்கூட ஓடாது. இதைச் சொந்தக் காசில் வளர்க்கிறவரின் மனைவியை நினைச்சுப் பாருங்க.

இப்போ டீ. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ரைட், ஹார்க்னஸ் என்று இரண்டு ராணுவ டாக்டர்கள் டாங்கிப் படையினரின் காயங்களை ஆய்வு செஞ்சாங்க. காயம் எங்கே பட்டது, எதனால் பட்டது, அப்போ அந்த ஆள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்னு ஒவ்வொரு கேஸாகக் குறிச்சாங்க. நம்ம ஊர் விபத்துப் பதிவேடு மாதிரி. அதில் தெரிஞ்சது: அடிபட்டவர்களில் கணிசமானவர்கள் அந்த நேரத்தில் டாங்கிக்கு உள்ளேயே இல்லை. வெளியே இறங்கியிருந்தாங்க. சமைக்க, பழுது பார்க்க, ஒதுங்க.

செஞ்சுரியனில் இருந்து பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு உள்ளேயே மின்சாரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரம் வந்தது. சிப்பாய்கள் வாயில் அது ‘பிவி’. டீ போடலாம், உணவுப் பொட்டலத்தைச் சூடு பண்ணலாம், இறங்க வேண்டாம். உலகமே ‘டீக்கு அலையும் வெள்ளைக்காரன்’னு கிண்டல் பண்ணுது. என் கண்ணுக்கு அது ஹெல்மெட் மாதிரி ஓர் உயிர்காப்புச் சாதனம். வண்டியைப் புதுப்பிக்கிறவர்களும் துப்பாக்கி டம்மியா இருந்தாலும் பரவாயில்லை, பிவி வேலை செய்யணும்னு நிக்கிறாங்க!

இந்த வண்டிகளுக்கும் நோயாளிகள் மாதிரியே தனித்தனி சுபாவம். ஆறு சக்கர ஸ்டால்வார்ட்டை எடுத்துக்குங்க. ஒரு பக்கத்துச் சக்கரம் மூன்றும் பல்சக்கரங்களால் ஒன்றோடு ஒன்று பூட்டப்பட்டிருக்கு. சேற்றில் பிரமாதம். தார்ச் சாலையில் ஓடினா மூன்றும் கொஞ்சம் வித்தியாசமான வேகத்தில் சுத்தப் பார்க்கும், முடியாது. அந்த முறுக்கு உள்ளேயே சேர்ந்துக்கிட்டே போய் ஒரு கட்டத்தில் பல்சக்கரம் உடையும். அதனால் அனுபவசாலி ஓட்டுநர் அப்பப்போ வேணும்னே ஒரு பக்கச் சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏத்தி இறக்குவார். முறுக்கு ‘டொக்’னு விடும். கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டா நீவி விடுறோமே, அதே வைத்தியம். இதெல்லாம் கைப்பழக்கத்தில் இருப்பது. வண்டியை நிறுத்திட்டா இந்த அறிவும் நின்னு போகும். “ஓட்டினாத்தான் பாதுகாப்பு”ன்னு ஒரு கட்சி வாதாடுவது இதனால்தான். “ஓட்ட ஓட்ட அசல் பாகம் தேயுதே, மாத்தி மாத்திக் கடைசியில் அசல் எது மிஞ்சும்?”னு எதிர்க்கட்சி கேட்குது. ரெண்டு பேரிடமும் நியாயம் இருக்கு. ஒரே ஒரு வண்டிதான் மிச்சம்னா நிறுத்தி வைக்கணும், நூறு இருந்தா பத்தை ஓட்டணும் என்பது என் கட்சி.

டாக்டரா ஒரு எச்சரிக்கை. இருட்டில் முள் தெரிவதற்காக அந்தக் கால அளவுமானிகளில் ரேடியம் கலந்த பெயின்ட் பூசினாங்க. இன்னைக்கு அது ஒளிராது. “ஓ, செத்துடுச்சு”ன்னு நினைச்சு ஸ்குரூ டிரைவரால் சுரண்டுவாங்க. செத்தது ஒளிரும் ரசாயனம் மட்டும்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம், அது அப்படியே இருக்கு. தூளாகி உள்ளே போனா உடம்பு அதைக் கால்சியம்னு நம்பி எலும்பில் வாங்கி வெச்சுக்கும். 1920களில் அமெரிக்கக் கடிகார ஆலைகளில் பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கிய பெண்களின் தாடையெலும்பு அழுகியது இப்படித்தான். பிரேக்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது வேற. பழைய வண்டி வாங்குறவங்க முதலில் வாங்க வேண்டியது நல்ல முகக்கவசம்.

கதிரியக்கம்னு வந்தாச்சு. இப்போ தலைப்புக்கு வருவோம்.

செஞ்சுரியன் மார்க் 3, எண் 169041. பிரிட்டன் தயாரித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தது. 1953 அக்டோபர் 15, தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஈமு ஃபீல்ட். பிரிட்டனின் ‘டோட்டம் 1’ அணுகுண்டுச் சோதனை, சுமார் 9 கிலோ டன். வெடிக்கும் இடத்தில் இருந்து 500 கஜம் தள்ளி இந்த டாங்கியை நிறுத்தினாங்க. குண்டுகள் உள்ளே, இன்ஜின் ஓடிக்கிட்டு, ஆள் மட்டும் இல்லை.

வெடிச்சு முடிஞ்சு போய்ப் பார்த்தா, 50 டன் வண்டி அஞ்சடி நகர்ந்திருக்கு. பக்கவாட்டுத் தகடுகள் பிய்ந்து 200 கஜம் வரை பறந்திருக்கு. துணி உறை எரிஞ்சு போச்சு, கண்ணாடிகளை மணல் தேய்ச்சுடுச்சு. இன்ஜின் நின்னிருக்கு. ஏன்? பெட்ரோல் தீர்ந்து போச்சு! எரிபொருள் ஊத்தி ஓட்டிக்கிட்டு வந்துட்டாங்க. உள்ளே ஆள் இருந்திருந்தா அதிர்வலையிலேயே செத்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டாங்க.

அதோட அதைக் கழிச்சுக் கட்டலை. படையில் திரும்பச் சேர்த்தாங்க. வியட்நாமுக்கும் போச்சு. 1969 மே மாதம் ஒரு சண்டையில் ராக்கெட் குண்டு அதன் பக்கத்தைத் துளைச்சுக்கிட்டு உள்ளே வந்து மேல்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் காயப்படுத்தியது. வண்டி அப்பவும் நிக்கலை. அணுகுண்டுக்குப் பிறகு மொத்தம் 23 வருஷம் உழைச்சிருக்கு. இப்போ டார்வின் அருகே ராபர்ட்சன் ராணுவ முகாமில் நிக்குது.

“பக்கத்தில் போகலாமா டாக்டர்?”னு கேட்பீங்க. நியூட்ரான் பாய்ந்த எஃகில் உருவாகும் முக்கியமான கதிரியக்கப் பொருட்களில் நீண்ட நாள் நிக்கிறது கோபால்ட் 60. நம்ம அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குப் பல காலம் பயன்பட்ட அதே கோபால்ட். அரை ஆயுள் ஐந்தே கால் வருஷம். எழுபது வருஷத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிடும். இன்னைக்குப் பக்கத்தில் நின்னு போட்டோ எடுக்கலாம். 1953இல் ஓட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ரசிகர்களோடு நான் முரண்படுவது இங்கேதான். ‘அணு டாங்கி’ கதையைச் சொல்றவங்க பலரும் டாங்கியோடு நிறுத்திக்கிறாங்க. அன்னைக்கு அந்தப் புகை மேகம் வடகிழக்கே போச்சு. 150 கி.மீ.க்கும் அப்பால் வாலட்டினா பகுதியில் இருந்த பழங்குடி மக்கள் தங்கள் மேல் ஒரு கறுப்பு மூடுபனி உருண்டு வந்ததாகச் சொன்னாங்க. கண் எரிச்சல், வாந்தி, தோலில் புண். அங்கே சிறுவனாக இருந்த யாமி லெஸ்டர் பின்னாளில் பார்வையை முழுசா இழந்தார். அவரும் மற்றவர்களும் விடாமல் குரல் கொடுத்ததில் 1984இல் ராயல் கமிஷன் அமைந்தது. காற்று வீசிய விதத்தைப் பார்த்தால் அன்றைக்கு அந்தக் குண்டை வெடித்திருக்கவே கூடாது என்பதுதான் 1985இல் வந்த அந்த அறிக்கையின் முடிவு. கறுப்பு மூடுபனி வந்தது உண்மை என்றும் ஏத்துக்கிட்டாங்க. லெஸ்டர் 2017இல் காலமானார். டாங்கிக்கு எத்தனை அடி நகர்ந்ததுன்னு அளவு இருக்கு. அந்த மக்களை அன்னைக்கு யாரும் அளக்கலை. டாங்கிக்கு அருகில் ஒரு பலகை வைத்தால் அவர் பெயரும் அதில் இருக்கணும்னு ஆசைப்படுறேன்.

சரி, நம்ம பக்கம். செஞ்சுரியன் இந்தியப் படையிலும் இருந்தது. 1965இல் அசல் உத்தரில் பாட்டன் டாங்கிகளை மறிச்சது. 1971 டிசம்பர் 16இல் 21 வயது அருண் கேதர்பால் உயிர்விட்டது ‘ஃபாமகுஸ்டா’ என்ற செஞ்சுரியனில். அகமதுநகரில் 1994இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகத்தில் இந்தத் தலைமுறை வண்டிகளைப் பார்க்கலாம்.

அடுத்தது சென்னைக்காரங்களுக்கு. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைச்ச டாங்கி, 1961 ஒப்பந்தம், 1965 முதல் நம்ம ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரிப்பு. பெயர் விஜயந்தா. 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் எல்60 இன்ஜின். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான், அடிக்கடி மக்கர் பண்ணி அந்த நாட்டு மெக்கானிக்குகளை அழ வெச்சது.

இன்னைக்கு விஜயந்தாவை எங்கே பார்க்கிறோம்? முகாம் வாசல், பூங்கா, ரவுண்டானா. வெயிலும் மழையும் மேலே. ரப்பர் பொடியாகும், மூடி வழியா இறங்கின தண்ணி அடித்தட்டில் தேங்கும், துரு உள்ளிருந்து தின்னும். வருஷா வருஷம் மேலே பச்சை பெயின்ட் மட்டும் புதுசா ஏறும். நோயாளிக்குச் சிகிச்சை கொடுக்காம பவுடர் மட்டும் பூசி விடுற மாதிரி. போவிங்டன் அருங்காட்சியகக்காரர்கள் வண்டியைக் கூரைக்குக் கீழே கொண்டு போறதைத்தான் முதல் சிகிச்சைன்னு நினைக்கிறாங்க. அதுக்குப் பெரிய செலவு இல்லை, தகரக் கொட்டகை போதும்.

ஆவடியில் அறுபது எழுபதுகளில் விஜயந்தாவை அசெம்பிள் பண்ணினவங்களுக்கு இப்போ நல்லா வயசாகியிருக்கும். உங்க தாத்தாவோ பெரியப்பாவோ அந்த ஷாப்பில் இருந்திருந்தா, இந்த வாரம் போன் பண்ணி எல்60 இன்ஜினைப் பற்றிக் கேளுங்க. திட்டினாலும் பரவாயில்லை, ரெக்கார்ட் பண்ணிக்குங்க. கமெண்டில் எழுதுங்க, நான் படிக்கிறேன்.